விண்டோஸா லினக்ஸா என்ற சண்டையும், திறக்க மறுக்கும் ஷேர் போல்டரும்

விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட தனிநபர் கணினிகளுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் தவணை. இதனால் மாங்கூழ் ஆலை அலுவலகமோ, பர்கூர் ஜவுளிக் கடையோ, தருமபுரி மண்டியோ, ஓசூர்ப் பக்கத்துச் சிறு பட்டறையோ, இருக்கிற நான்கைந்து சிஸ்டங்களில் ஒன்றிரண்டை மாற்றி விண்டோஸ் 11 வாங்கி வைக்கிறார்கள். மற்றவை பழையபடியே ஓடுகின்றன. அங்கேதான் வம்பு தொடங்குகிறது. நேற்றுவரை திறந்த ஷேர் போல்டர் புது சிஸ்டத்தில் திறப்பதில்லை. ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தது கணினிக்கு வருவதில்லை. பில்லிங் மென்பொருள் நடுவில் அறுந்து, 'டேட்டா கெட்டுவிட்டது' என்கிறது.

உடனே வாக்குவாதம் கிளம்பும். லினக்ஸ் போட்டால் தீரும் என்பார் ஒருவர். மேக்கில் இந்தத் தொல்லையே கிடையாது என்பார் இன்னொருவர். டிசிபி நம்பகமான நெறிமுறை என்றுதானே பாடத்தில் படித்தோம், பிறகு எப்படி டேட்டா கெடும் என்று கேட்பார் மூன்றாமவர். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு அடுக்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

எந்த அடுக்கில் எது இருக்கிறது

நெறிமுறை, அதாவது புரோட்டோகால் என்பது இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் முறைக்கான ஒப்பந்தம். ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போக, அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

1. அடியில் கம்பி அல்லது வைஃபை. மின்குறிகளைக் கொண்டுபோவது மட்டுமே இதன் வேலை.
2. அதன்மேல் ஐபி. முகவரி பார்த்து பேக்கெட்டை, அதாவது தரவின் சிறு பொட்டலத்தை, அனுப்பும். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது.
3. அதன்மேல் டிசிபி அல்லது யுடிபி. டிசிபி தொலைந்ததை மறுபடி அனுப்பும். யுடிபி அனுப்பிவிட்டு மறந்துவிடும்.
4. உச்சியில் கோப்புப் பகிர்வு நெறிமுறைகள். விண்டோஸ் உலகில் எஸ்எம்பி, யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் என்எஃப்எஸ், பழைய மேக்குகளில் ஏஎஃப்பி.
5. பக்கவாட்டில் பெயர் கண்டுபிடிக்கும் நெறிமுறைகள். 'கணக்கர் சிஸ்டம்' என்ற பெயருக்கு எந்த ஐபி என்று தேடித் தருபவை.

முதல் மூன்று அடுக்குகளில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் ஒரே ஒப்பந்தத்தைத்தான் பின்பற்றுகின்றன. டிசிபியின் விவரக்குறிப்பு 1981இல் வெளிவந்தது. 2022இல் திருத்தித் தொகுக்கப்பட்டது. நெரிசல் வந்தால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கணக்கில்கூட மூன்றும் இன்று கியூபிக் என்ற ஒரே முறையைத்தான் இயல்பாக வைத்திருக்கின்றன. லினக்ஸ் 2006இலேயே அதற்கு மாறியது, விண்டோஸ் 2017 வாக்கில் வந்து சேர்ந்தது. ஆக, 'விண்டோஸின் டிசிபி மட்டம், லினக்ஸின் டிசிபி உசத்தி' என்ற பேச்சுக்கு ஒரு சிற்றலுவலக நெட்வொர்க்கில் பெரிய பொருள் இல்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

'நம்பகமானது' என்றால் எதுவரை?

டிசிபி தரும் உறுதிமொழி குறுகலானது. அனுப்பிய பைட்டுகள் அனுப்பிய வரிசையிலேயே, இரட்டிப்பு இல்லாமல், விடுபடாமல் மறுமுனையின் டிசிபிக்குப் போய்ச் சேரும். முடியாவிட்டால் இணைப்பு முறிந்ததாகத் தகவல் வரும். அவ்வளவே. அது சொல்லாதவை இவை:

1. எவ்வளவு நேரத்தில் சேரும் என்று சொல்வதில்லை.
2. மறுமுனையின் ஹார்டு டிஸ்க்கில் எழுதப்பட்டது என்று சொல்வதில்லை. ஒப்புகை, அதாவது 'வந்தது' என்ற பதில், வருவது இயங்குதளத்தின் நினைவகத்தில் வந்து விழுந்ததற்கு மட்டுமே.
3. மறுமுனை மென்பொருள் அதைப் படித்துப் புரிந்துகொண்டது என்று சொல்வதில்லை.
4. இணைப்பு முறிந்தால், கடைசியாக அனுப்பியதில் எது சேர்ந்தது எது சேரவில்லை என்று மென்பொருளுக்குக் கணக்குத் தருவதில்லை.

மாம்பழப் பருவத்தில் ஆலை வாசலில் நடப்பதை நினைத்தால் புரியும். வாசலில் கையெழுத்துப் போட்ட சீட்டு, லாரி உள்ளே வந்தது என்பதற்குச் சான்று. எடை மேடையில் ஏறியதற்கோ சரக்கு இறங்கியதற்கோ அது சான்று ஆகாது. வாசல் சீட்டை நம்பிக் காசு கொடுக்கும் ஆலை எதுவும் இல்லை. ஆனால் பல பில்லிங் மென்பொருள்கள் டிசிபியின் ஒப்புகையை நம்பி அதைத்தான் செய்கின்றன.

பிழை கண்டுபிடிப்பும் அளவோடுதான். தரவு கெட்டதா என்று பார்க்க டிசிபி கூட்டி அனுப்பும் சரிபார்ப்புத் தொகை 16 பிட் கொண்டது. எந்த ஒழுங்கும் இல்லாமல் கெட்டுப்போன தரவு 65,536இல் ஒரு முறை அதன் கண்ணில் படாமல் தப்பலாம். இரண்டு 16 பிட் சொற்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அதையும் பிடிக்காது. ஈதர்நெட்டின் 32 பிட் சோதனை கம்பியில் நேரும் பிழையை நன்றாகவே பிடித்துவிடும். ரூட்டரின் நினைவகத்துக்குள்ளேயே தரவு கெட்டால் அதற்கும் வழி இல்லை. முழுமையான சரிபார்ப்பு இரு முனைகளிலும் இருக்கும் மென்பொருளால்தான் முடியும் என்று கணினி ஆய்வாளர்களான சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1980களின் தொடக்கத்திலேயே வாதிட்டார்கள். இணையத்தின் வடிவமைப்பே அந்த வாதத்தின்மேல் நிற்கிறது.

சண்டை எங்கிருந்து வந்தது

இயங்குதளத்துக்கு ஒரு நெறிமுறை என்றிருந்த காலம் உண்மையிலேயே இருந்தது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் பக்கம் நெட்பியூய். நெட்வொர்க் மென்பொருள் நிறுவனமான நாவெல் பக்கம் ஐபிஎக்ஸ். ஆப்பிள் பக்கம் ஆப்பிள்டாக். நெட்பியூய் சின்ன அலுவலகத்தில் வேகமானது, முகவரி அமைக்கும் வேலையே இல்லை. ஆனால் ரூட்டரைத் தாண்டாது. நாவெல் சர்வர்கள் 60 நொடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று நெட்வொர்க் முழுக்கக் கூவிக்கொண்டிருக்கும். ஆப்பிள்டாக்கும் வாயாடிதான். விண்டோஸ் எக்ஸ்பியில் நெட்பியூய் இயல்பு நிறுவலிலிருந்து விலகியது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஐபிஎக்ஸ் போனது. 2009இல் வந்த மேக் பதிப்பான ஸ்னோ லெப்பர்டில் ஆப்பிள்டாக் போனது. அதோடு அந்தச் சண்டைக்கு அடிப்படையே முடிந்தது.

அந்தக் காலத்துப் புகார்களில் என்எஃப்எஸ் பற்றியது மட்டும் இன்றும் கற்க வேண்டிய பாடம். சன் நிறுவனம் 1984இல் வெளியிட்ட என்எஃப்எஸ், தொடக்கத்தில் யுடிபியின்மேல் ஓடியது. ஒரு தடவைக்கு 8 கிலோபைட் எழுதும். ஈதர்நெட்டில் ஒரு பேக்கெட்டுக்கு 1,500 பைட்தான் இடம், ஆகவே அந்த 8 கிலோபைட் ஆறு துண்டுகளாகும். ஆறில் ஒன்று தொலைந்தாலும் ஆறையும் மறுபடி அனுப்ப வேண்டும். கம்பியில் 1 சதவீத இழப்பு இருந்தால், எழுதும் முயற்சிகளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் தோற்கும். மேல் அடுக்கின் வடிவமைப்பு, கீழ் அடுக்கின் சிறு குறையை ஆறு மடங்காக்கிவிட்டது. பிற்காலத்தில் என்எஃப்எஸ் டிசிபிக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்எம்பியும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் 1980களில் தொடங்கியது. 2006இல் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளை 19ஆகக் குறைத்தது. லினக்ஸில் அதே நெறிமுறையைப் பேசும் சாம்பாவை ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1992 வாக்கில் எழுதத் தொடங்கினார். ஆப்பிளும் 2013இல் மேவரிக்ஸ் என்ற மேக் பதிப்போடு தன் ஏஎஃப்பியை ஒதுக்கி எஸ்எம்பியையே இயல்பாக்கியது. அதாவது 'மேக் வாங்கினால் தீரும்' என்று சொல்பவர், அதே எஸ்எம்பியை வேறு பெட்டியில் வாங்கச் சொல்கிறார்.

உண்மையாகவே உள்ள ஒரு வேற்றுமை: இணைப்பு அறுந்தால் யார் எவ்வளவு பொறுப்பார்

கரண்ட் போய் ஐந்து நொடியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிஸ்டங்கள் எல்லாம் யூபிஎஸ்ஸில் இருப்பதால் அணையவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டிய எட்டு போர்ட் ஸ்விட்ச் மட்டும் நேரடி பிளக்கில் இருக்கிறது. அது அணைந்து எழுந்துவிட்டது.

விண்டோஸ், கேபிளில் உயிர் போனதைப் பார்த்ததும் அந்த நெட்வொர்க் கார்டின் ஐபி முகவரியைச் செயலிழக்கச் செய்துவிடும். அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த டிசிபி இணைப்புகள் பெரும்பாலும் அங்கேயே முறியும். கேபிளில் உயிர் இருந்து, நடுவில் வேறெங்கோ தடை என்றால், பதில் வராத பேக்கெட்டை வழக்கமாக ஐந்து முறை அனுப்பிப் பார்த்துக் கைவிடும். உள் நெட்வொர்க்கில் இது பத்து இருபது நொடிக்குள் முடிந்துவிடும்.

நிலையான ஐபியோடு இயங்கும் லினக்ஸ் சர்வரில் முகவரி அப்படியே இருக்கும். மறுபடி அனுப்பும் முயற்சி இயல்பாக 15. இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாவதால் கைவிட 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். என்எஃப்எஸ்ஸில் 'ஹார்டு' என்ற இணைப்பு முறை இன்னும் ஒரு படி மேல்: சர்வர் திரும்பி வரும்வரை மென்பொருளை அப்படியே உறைய வைத்துக் காத்திருக்கும்.

எது மேல்? பில் போடுகிறவருக்கு விண்டோஸ் 'அறுந்துவிட்டது' என்று முகத்திலடித்தாற்போல் சொல்கிறது. லினக்ஸ் அமைதியாகத் தொங்குகிறது. டேட்டா கெடாமல் இருக்கப் பின்னதே நல்லது. ஆனால் கல்லாவில் வரிசை நிற்கும்போது உறைந்த திரையைப் பார்த்துப் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துபவர்தான் அதிகம். அந்த நன்மை அதோடு போயிற்று. இயங்குதளத்தை மாற்றுவதைவிட மலிவான மருந்து, ஸ்விட்சையும் ரூட்டரையும் ஃபைபர் மோடத்தையும் யூபிஎஸ்ஸின் பின்பக்கம் செருகுவது. சிறு ஸ்விட்ச் ஐந்து முதல் பத்து வாட்தான் இழுக்கும், யூபிஎஸ்ஸுக்குச் சுமையே இல்லை.

புது விண்டோஸ் 11 ஏன் மறுக்கிறது

2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு, எஸ்எம்பியில் இரண்டு இயல்புகளை மாற்றியது. ப்ரோ பதிப்பில் இரண்டும் பொருந்தும்.

முதலாவது, கையொப்பம் கட்டாயம். ஒவ்வொரு எஸ்எம்பி செய்தியிலும் ஒரு மறைக்குறியீட்டு முத்திரை இருக்க வேண்டும். நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அது சான்று. உள்ளே வரும் இணைப்புக்கும் வெளியே போகும் இணைப்புக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, கெஸ்ட் நுழைவு நிறுத்தம். ஷேரிங் அமைக்கும்போது 'பாஸ்வேர்டு பாதுகாப்பு' என்பதை அணைத்து, 'எவ்ரிஒன்' என்பவருக்கு முழு அனுமதி கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். அது கெஸ்ட் நுழைவுதான். கையொப்பத்துக்கான சாவி பயனரின் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. பாஸ்வேர்டே இல்லாதவருக்குச் சாவி இல்லை, சாவி இல்லாதவரால் கையொப்பமிட முடியாது. ஆகவே முதல் மாற்றம் வந்தாலே இரண்டாவது தானாக வந்துவிடும். நெறிமுறை பழுதாகவில்லை, தெரிந்தே மறுக்கிறது.

இந்தக் கண்டிப்புக்கு முன்கதை உண்டு. 2017 மே 12ஆம் தேதி பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாக 150 நாடுகளில் புகுந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு இறுதியிலிருந்து விண்டோஸ் 10இன் புது நிறுவல்களில் முதல் பதிப்பை இயல்பிலிருந்து விலக்கத் தொடங்கினார்கள். சாம்பாவும் 2019இல் அதை இயல்பாக அணைத்தது. 'லினக்ஸ் போட்டால் பழையதெல்லாம் வேலை செய்யும்' என்பதும் இங்கே பொய்த்துப்போகிறது.

சரிசெய்யும் வரிசை:

1. போல்டரை வைத்திருக்கும் கருவியின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் முதல் பதிப்பு மட்டுமே பேசும். அதை இனிப் பொது நெட்வொர்க்கில் வைக்கக் கூடாது. விண்டோஸ் 7 இரண்டாம் பதிப்பு பேசும், கையொப்பமும் இடும். என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) என்றால் அதன் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்எம்பி 2, 3 இரண்டையும் கையொப்பத்தையும் இயக்குங்கள்.
2. போல்டர் இருக்கும் சிஸ்டத்தில் பாஸ்வேர்டோடு ஒரு உள்ளூர்ப் பயனரை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் நான்கிலக்க பின், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. 'பின் சரியாகத்தான் போடுகிறேன், உள்ளே விடவில்லை' என்ற புகாரின் வேர் இதுதான்.
3. அந்தப் பயனருக்கு ஷேரிங் தாவலிலும் செக்யூரிட்டி தாவலிலும், இரண்டிலும், அனுமதி கொடுங்கள். இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும்.
4. புது சிஸ்டத்தில் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய நுழைவை நீக்கிவிட்டு, சிஸ்டம் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் புதிதாகச் சேருங்கள்.
5. எதற்கும் மசியாத பழைய என்ஏஎஸ் இருந்தால், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் கிளையன்ட் பக்கக் (போல்டரைத் திறக்கப் போகும் பக்கம்) கையொப்பக் கட்டாயத்தை மட்டும் தற்காலிகமாகத் தளர்த்தலாம். முதல் பதிப்பை மறுபடி இயக்குவதைத் தீர்வாகச் சொல்லித்தரும் வீடியோக்கள் ஏராளம், அவற்றைக் கேட்காதீர்கள்.

ஸ்கேன் வராத ஜெராக்ஸ் மெஷினில் திசை தலைகீழ். அங்கே மெஷின்தான் கிளையன்ட், உங்கள் சிஸ்டம் சர்வர். பத்தாண்டுப் பழைய மெஷின்கள் பலவற்றுக்கு முதல் பதிப்பு மட்டுமே தெரியும். அதற்காகச் சிஸ்டத்தின் கதவைத் திறந்து வைப்பதைவிட, மெஷினிலேயே உள்ள எஃப்டிபி (கோப்பு அனுப்பும் வேறொரு நெறிமுறை) அல்லது மின்னஞ்சல் ஸ்கேன் வசதிக்கு மாறுவது மேல்.

இன்னொரு எண்ணையும் மனத்தில் வையுங்கள். விண்டோஸ் 10, 11 சாதாரணப் பதிப்புகளைச் சர்வர் போல வைத்தால் ஒரே நேரத்தில் 20 கருவிகள்வரைதான் உள்ளே விடும். இருபத்தோராவது சிஸ்டம் திறக்காதது நெறிமுறைக் கோளாறு அல்ல, உரிம வரம்பு.

பெயர் தெரியவில்லை என்பது வேறு, சேர முடியவில்லை என்பது வேறு

'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் மற்ற சிஸ்டங்கள் தெரிவதில்லை என்பது தனிப் புகார். அந்தப் பட்டியலைத் திரட்டிக்கொண்டிருந்த பழைய சேவை, எஸ்எம்பி முதல் பதிப்பையே நம்பியிருந்தது. அது போனதும் பட்டியலும் போயிற்று. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபியை நேரே தட்டினால் போல்டர் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் பழுது பெயர் தேடலில் மட்டும்தான். அந்தச் சிஸ்டத்துக்கு ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்கி, டிரைவை ஐபி வழியாகவே இணைத்துக்கொண்டால் போதும்.

இதில் வைஃபை இன்னொரு குழப்பம் சேர்க்கும். ஒருவருக்கு அனுப்பும் வைஃபை செய்தி சேர்ந்ததா என்று ஒப்புகை வரும், வராவிட்டால் மறுபடி போகும். ரூட்டரிலிருந்து எல்லோருக்குமாகப் பரப்பும் செய்திக்கு அந்த ஒப்புகை கிடையாது. பெயர் தேடும் நெறிமுறைகள் பெரும்பாலும் இப்படிப் பரப்புபவை. அதனால்தான் கேபிளில் உள்ள சிஸ்டத்துக்குத் தெரியும் பிரிண்டர், வைஃபை லேப்டாப்புக்குக் காலையில் தெரிந்து மாலையில் மறைகிறது. ரூட்டர் மாற்றிய மறுநாள் எதுவுமே தெரியாவிட்டால், விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் 'பப்ளிக்', அதாவது நம்பக் கூடாத பொது இடம், என்று குறித்துக்கொண்டதா என்று முதலில் பாருங்கள்.

பில்லிங் டேட்டா ஏன் கெடுகிறது

ஷேர் போல்டரில் டேட்டாவை வைத்து, நான்கு சிஸ்டங்களிலிருந்து நேரடியாக அந்தக் கோப்பையே திறந்து எழுதும் மென்பொருள்கள் உண்டு. ஒரு பில் போடுவது என்றால் பில் கோப்பு, சரக்கு இருப்புக் கோப்பு, அட்டவணைக் கோப்பு என்று பல இடங்களில் எழுத வேண்டும். மூன்றில் இரண்டு எழுதியபின் ஸ்விட்ச் அணைந்தால், பில் இருக்கும், இருப்பு குறைந்திருக்காது. டிசிபி தன் ஒப்பந்தத்தை ஒரு பைட் பிசகாமல் நிறைவேற்றியிருக்கும். கணக்கு மட்டும் தப்பாக இருக்கும்.

எஸ்எம்பியின் புதிய பதிப்புகளில், சிறு தடைக்குப்பின் திறந்த கோப்பை அதே நிலையில் மீட்கும் வசதி உண்டு. ஒருவர் மட்டும் திறந்து வைத்திருக்கும் கோப்புக்கு அது நன்றாக உதவும். பலர் ஒரே கோப்பில் பூட்டுப் போட்டு எழுதும்போது பெரும்பாலும் கைகொடுக்காது. தேவைப்படும் இடத்தில்தான் கிடைப்பதில்லை.

பூட்டு விஷயத்தில் இயங்குதளங்கள் மெய்யாகவே மாறுபடுகின்றன. விண்டோஸில் கோப்புப் பூட்டு கட்டாயமானது, மற்றவர் கைவைக்க முடியாது. லினக்ஸில் அது பெரும்பாலும் ஒரு வேண்டுகோள். மதிக்காத மென்பொருள் மீறி எழுதிவிடலாம். ஒரே போல்டரைச் சாம்பா வழியாக விண்டோஸுக்கும், என்எஃப்எஸ் வழியாக லினக்ஸுக்கும் எழுதும் அனுமதியோடு கொடுப்பது விபத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பது.

இரண்டு பேருக்கு மேல் பில் போடும் இடத்தில், சர்வரில் தரவுத்தள மென்பொருள் ஓடி, மற்றவை அதனிடம் கேட்டுப் பெறும் அமைப்பே சரி. அங்கே ஒரு பில் முழுதாக எழுதப்படும், அல்லது எழுதப்படவே படாது. இணைப்பு பாதியில் அறுந்தால் சர்வர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

இது பலரும் கவனிக்காத மூலை. 'கொள்முதல்' என்ற சொல்லில் உள்ள ஒகர உயிர்மெய்க்கு யூனிகோடில் இரண்டு எழுதுமுறைகள் உண்டு: ஒரே குறியாக, அல்லது எகரக்குறியும் ஆகாரக்குறியும் தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்று. பழைய மேக்குகளின் கோப்பு முறை எல்லாப் பெயர்களையும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சு செய்தபடியே வைத்துக்கொள்ளும். அந்த மேக்கிலிருந்து என்ஏஎஸ்ஸுக்கு வந்த கோப்பும் விண்டோஸிலிருந்து வந்த கோப்பும் ஒரே போல்டரில், ஒரே பெயரில், இரண்டாக நிற்கும். எதைத் திறந்து திருத்தினோம் என்று தெரியாது.

நீளத்திலும் வேறுபாடு உண்டு. விண்டோஸ் ஒரு கோப்புப் பெயருக்கு 255 குறிகள்வரை ஏற்கும். லினக்ஸ் 255 பைட்டுகள்வரை. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், அதுவும் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் கணக்கு. 'கொள்முதல்' மட்டுமே 9 குறி, 27 பைட். ஆக லினக்ஸில் 85 குறிகளோடு கதை முடிந்தது. வாடிக்கையாளர் பெயர், ஊர், தேதி எல்லாம் சேர்த்துப் பெயரிட்ட கோப்பு என்ஏஎஸ்ஸுக்கு நகலாகாமல் நிற்பதற்குக் காரணம் நெட்வொர்க் இல்லை.

கிளை அலுவலகத்திலிருந்து இணையும்போது

ஓசூர்க் கிளையிலிருந்து கிருஷ்ணகிரி அலுவலகத்தின் ஷேர் போல்டரை விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் தனிப் பாதை) வழியாகத் திறந்தால் ஆமை வேகம். '100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் இப்படியா' என்ற கேள்விக்கு மூன்று விடைகள்.

ஒன்று, போய்வரும் நேரம். போல்டரில் உள்ள கோப்புகளைத் திறந்து காட்ட ஆயிரம் சிறு கேள்வி பதில் தேவை என்று கொள்வோம். உள் நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிநொடி, மொத்தம் அரை நொடி. இணையத்தில் 40 மில்லிநொடி என்றால் மொத்தம் 40 நொடி. இங்கே வேகத் திட்டத்துக்கு வேலையே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் திரை மட்டும் பயணிப்பதால் அதுவே பொருத்தம்.

இரண்டு, இழப்பு. டிசிபி இழப்பை நெரிசல் என்றே எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். 40 மில்லிநொடித் தூரத்தில் 1 சதவீத இழப்பு இருந்தால், ஒரு இணைப்புக்குக் கிடைப்பது சுமார் 3.5 எம்பிபிஎஸ்தான். இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பத்து மடங்காகும்.

மூன்று, பேக்கெட் அளவு. பல ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் வருகின்றன. அது 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1,500க்குப் பதில் 1,492 பைட்தான் போகும். 'அளவு பெரிது' என்று சொல்லும் பதில் செய்தியை நடுவில் ஏதேனும் ஃபயர்வால் விழுங்கிவிட்டால், சின்னது போகும், பெரியது தொங்கும்: லாகின் ஆகும், கோப்பு இறங்காது. துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 1,464 பைட் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போய், 1,472 பைட் போகாவிட்டால் இதுவே நோய். விபிஎன் வழியாக என்றால் அளவு இன்னும் குறையும். ரூட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பேக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச வரம்பு) அளவைக் குறைத்து வைப்பது மருந்து.

எதைச் செய்தாலும் எஸ்எம்பியின் வாசலான 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம்.

சும்மா இருந்தால் அறுந்துபோகும் இணைப்பும் இங்கே சேரும். பேச்சில்லாத இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று டிசிபி இயல்பாகச் சோதிப்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதுவும் மென்பொருள் கேட்டுக்கொண்டால் மட்டும். மலிவு ரூட்டர்கள் அதற்கு வெகு முன்பே அந்த இணைப்பைப் பற்றிய தம் பதிவை அழித்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால் மென்பொருள் தொங்குவது இதனால். பகிர்ந்த டிரைவில் சிவப்புப் பெருக்கல்குறி வருவது வேறு: 15 நிமிடம் சும்மா இருந்தால் விண்டோஸ் சர்வரே இணைப்பை மூடிவிடும். கிளிக் செய்தால் திறந்துகொள்ளும், பழுது இல்லை.

கடைசியில் கம்பி

மேல் அடுக்குகளை ஆராயும் முன் கம்பியைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். சாதாரண பிங் 32 பைட் மட்டுமே அனுப்பும். சுமாரான கம்பியில்கூட அது தப்பித்துப் போய்விடும். 1,400 பைட் அளவில் ஆயிரம் பிங் விட்டுப் பாருங்கள். உள் நெட்வொர்க்கில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது.

1. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டு கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். இணைப்பு வேகம் 100 என்று காட்டினால் 4, 5, 7, 8இல் ஒன்று முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது அழுத்திப் பொருந்தவில்லை, என்று முதலில் சந்தேகிக்கலாம்.
2. ஒரு பக்கம் வேகத்தைக் கையால் '100 ஃபுல்' என்று பூட்டி, மறுபக்கம் ஆட்டோ என விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் நிலை) இறங்கிவிடும். பிங் போகும், கோப்பு நகல் மட்டும் தவழும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள்.
3. விலை குறைந்த கேபிள்களில் செம்பு பூசிய அலுமினியம் வரும். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். கிரிம்ப் செய்த இடத்தில் ஒடிவதும், தூரம் போனால் அதே கேபிளில் மின்சாரம் பெறும் கேமராவுக்கு மின்னழுத்தம் போதாததும் இதில் சகஜம்.
4. கிரானைட் அறுக்கும் இடங்களில் மோட்டார்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரைச்சலைக் கிளப்பும். மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயில் நெட்வொர்க் கேபிளை விடாதீர்கள். ஒரு அடியாவது தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும்.
5. அலுவலகத்துக்கும் எடை மேடை அறைக்கும் இடையில் வெளியே செம்பு கேபிள் ஓடினால், கோடை மழை இடியில் இரண்டு பக்கத்துப் போர்ட்டும் சேர்ந்தே போகலாம். இரு கட்டடத்தின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாததும் இதைக் கூட்டும். 100 மீட்டர் வரம்பு வேறு இருக்கிறது. ஃபைபரும், மின்குறியை ஒளியாகவும் ஒளியை மின்குறியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டும் போடுங்கள். ஒற்றை இழை வகை என்றால் ஒன்று ஏ, மற்றது பி ஆக இருக்க வேண்டும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்ப, மற்றது 1550இல் அனுப்பும். இரண்டு ஏ வாங்கிவந்தால் விளக்கே எரியாது.